அகூஸ்டிக் கிட்டாரைப் பதிவு செய்ய மைக்கா, பிக்கப்பா?

கிட்டாரில் ஏற்கெனவே பிக்கப் (அதிர்வை மின் சைகையாக மாற்றும் கருவி) இருக்கிறது. கேபிளைச் செருகினால் கம்ப்யூட்டருக்குள் ஒலி வந்துவிடும். அப்படியிருக்க மைக், ஸ்டாண்ட், அமைதியான அறை என்று எதற்கு அலைய வேண்டும்? புதிதாகப் பதிவு செய்யத் தொடங்கும் பலருக்கும் முதலில் வரும் கேள்வி இதுதான். பதிந்ததை ஹெட்ஃபோனில் கேட்டதும் அடுத்த கேள்வி வரும்: மடியில் வைத்து வாசிக்கும்போது அவ்வளவு அழகாக இருந்த கிட்டார், பதிவில் ஏன் ரப்பர் பட்டையைச் சுண்டுவது போலக் கேட்கிறது?

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எது எதைக் கேட்கிறது

கம்பி மட்டும் தனியாக எழுப்பும் ஒலி மிகக் குறைவு. அதன் அதிர்வு சேடில் (கம்பிகள் அமர்ந்திருக்கும் மெல்லிய பட்டை) வழியாக பிரிட்ஜுக்கு (சேடிலைத் தாங்கி மேல்பலகையில் ஒட்டியிருக்கும் மரத்துண்டு) இறங்கி, மேல்பலகையை அதிர வைக்கிறது. பலகை தன்னைச் சுற்றியுள்ள காற்றைத் தள்ளுகிறது. பெட்டிக்குள் இருக்கும் காற்றும் துளை வழியாகப் போய் வந்துகொண்டிருக்கிறது. இவையெல்லாம் காற்றில் கலந்து காதுக்கு வருவதைத்தான் கிட்டாரின் ஒலி என்று ரசிக்கிறோம்.

தயாரிக்கும்போதே பிக்கப் பொருத்தி வரும் கிட்டார்களில் பெரும்பாலும் இருப்பது பீசோ வகை. சேடிலுக்கு அடியில் மெல்லிய பட்டையாகப் படுத்திருக்கும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880-ல் ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். பீசோ பிக்கப் வேலை செய்வது அந்த விளைவை வைத்துத்தான். சேடிலின் மேல் கம்பி தரும் அழுத்தம் எப்படி மாறுகிறது என்பதை அது உடனுக்குடன் துல்லியமாகச் சொல்லும். ஆனால் பலகை தள்ளிய காற்று என்ன ஆனது, துளைக்குள்ளிருந்து என்ன வந்தது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் ஊசி குத்துவதாகக் கேட்கிறது, பின்னால் வரவேண்டிய மரத்தின் நிறைவு வருவதில்லை. ஒலிப்பதிவாளர்கள் 'க்வாக்' என்று குறை சொல்வது இந்த ஒலியைத்தான்.

வேறு வகைகளும் உண்டு. துளையில் மாட்டும் மேக்னெடிக் பிக்கப், ஸ்டீல் கம்பியின் அசைவைக் காந்தத்தால் உணர்கிறது. ஒலி கொஞ்சம் எலக்ட்ரிக் கிட்டார் பக்கம் சாயும். நைலான் கம்பிக்கு இது வேலை செய்யாது. பிரிட்ஜுக்கு நேர் கீழே, பலகையின் உள்பக்கம் ஒட்டும் வகை பலகையின் அதிர்வையே எடுப்பதால் மரத்தின் குணம் கூடுதலாகத் தெரியும். கூடவே, பலகையில் கை உரசினாலும் கேட்கும்.

மைக் கேட்பது காற்றில் கலந்து வருவதை. கிட்டார் முழுமையாக வரும். அதோடு அறையின் எதிரொலி, மின்விசிறி, உங்கள் மூச்சு, சட்டைப் பொத்தான் பலகையில் தட்டுவது, எல்லாம் வரும். மைக்கின் பலம் எதுவோ, அதன் தொல்லையும் அதுவேதான்.

சரி, எதை எடுப்பது?

கிட்டார் மட்டும், அல்லது கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள பாட்டு என்றால் மைக். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கேட்பவர் கவனம் முழுக்கக் கிட்டார் மேல் இருக்கும்போது பீசோவின் குறையை மறைக்க இடமே கிடையாது.

டிரம்ஸ், பேஸ், கீபோர்டு என்று நிறைந்த பாட்டில் கிட்டார் தாளத்துக்கு மட்டும் வருகிறதா? பிக்கப் போதும். அங்கே கிட்டாரின் கீழ் அலைவரிசைகள் பேஸோடு மோதும் என்பதால் எப்படியும் வெட்டப்போகிறோம். பலர் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கும்போதும், அமைதியே கிடைக்காத வீட்டிலும், மனதில் வந்த மெட்டை மறப்பதற்குள் பதிந்துவைக்க வேண்டிய அவசரத்திலும் பிக்கப்தான் கை கொடுக்கும்.

ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) இரண்டு உள்ளீடுகள் இருந்தால் இரண்டையும் தனித்தனி டிராக்கில் பதிந்துவிடுங்கள். பிறகு ஒன்றை அழித்தாலும் நஷ்டமில்லை. ஆனால் இரண்டையும் கலந்தால் இரட்டிப்பு நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத் தனி வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பதிவுக்கு முன்: கிட்டாரும் அறையும்

மங்கிப்போன பழைய கம்பியின் ஒலியை எந்த ஈக்யூவாலும் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) பளிச்சென்று ஆக்க முடியாது. புதுக் கம்பி போடுங்கள். போட்ட உடனே பதியாமல், நன்றாக இழுத்துவிட்டு, சில மணி நேரம் வாசித்து, சுருதி நிலைத்த பிறகு தொடங்குங்கள். ஒவ்வொரு டேக்குக்கு (ஒரு முறை வாசித்துப் பதிவது) முன்னும் ட்யூனரைப் பாருங்கள். காபோ மாட்டினால், மாட்டிய பிறகு இன்னொரு முறை சுருதி சேர்க்க வேண்டும். மெல்லிய பிளெக்ட்ரம், தடித்தது இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரம்மிங் கரகரவென்று வந்தால் ஈக்யூவைத் தொடுவதற்கு முன் பிளெக்ட்ரமை மாற்றிப் பார்ப்பது நல்லது.

மைக்கில் பதிவதென்றால் அறையையும் கவனிக்க வேண்டும். மின்விசிறி, ஏசி நிற்கட்டும். ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்டால் கதவை மூடுங்கள். கையை ஓங்கித் தட்டிப் பாருங்கள். தட்டிய பின் 'ட்ர்ர்' என்று ஒரு நடுக்கம் தொடர்ந்தால், எதிரெதிரே இருக்கும் வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள்.

போர்வையை எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மைக்குக்குப் பின்னால் மாட்டிவிட்டு, ஏன் மாற்றமே இல்லை என்று குழம்புவார்கள். கார்டியாய்டு மைக் முன்பக்கம்தான் நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கம் அதற்குக் காது மந்தம். மைக் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் பார்வையில் படுவது உங்களுக்குப் பின்னால் இருக்கும் சுவர். எனவே முதல் போர்வை உங்கள் முதுகுக்குப் பின்னால். நிறுத்தவே முடியாத சத்தம் ஏதாவது இருந்தால், அது மைக்கின் முதுகுப் பக்கம் வரும்படி உட்காருங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முன் உட்கார்ந்தாலும் நல்ல பலன் கிடைக்கும். மெல்லிய ஃபோம் துண்டுகள் மேல் அலைவரிசைகளை மட்டுமே உறிஞ்சும். கீழே இருக்கும் 'டம்' அப்படியே நிற்கும்.

சுவரை ஒட்டியோ மூலையிலோ உட்கார வேண்டாம். கிறீச்சிடாத நாற்காலியாகப் பாருங்கள்.

எந்த மைக்

சிறிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் சவ்வு) கொண்ட கன்டென்சர் (மின்சாரம் தேவைப்படும் நுட்பமான மைக்) இருந்தால் முதலில் அதை எடுங்கள். விரல் நுணுக்கங்களை அது தெளிவாகப் பிடிக்கும். குரலுக்காக வாங்கிய பெரிய டயஃப்ரம் கன்டென்சரும் தாராளமாகப் போதும். ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கிலும் பதியலாம். 1965-ல் வந்த அந்த மைக் இன்றும் ஸ்டுடியோக்களில் புழங்குகிறது. ஆனால் கொஞ்சம் கிட்டே வைக்க வேண்டும், கெய்ன் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகம் கொடுக்க வேண்டும், மேலே இருக்கும் மினுமினுப்பு குறையும்.

கன்டென்சருக்கு 48 வோல்ட் பேண்டம் பவர் (இன்டர்ஃபேஸ் மைக் கேபிள் வழியாகவே தரும் மின்சாரம்) தேவை. ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்து, கேபிளை முதலில் மாட்டி, அப்புறம் பவர் பட்டனை அழுத்துங்கள்.

மைக்கை எங்கே வைப்பது

இருக்கிற நேரத்தில் பெரும்பகுதியை இங்கேதான் செலவழிக்க வேண்டும். மைக்கின் பிராண்டைவிட மைக் நிற்கும் இடம் ஒலியை அதிகம் மாற்றும். இதை நம்பாதவர்கள் ஒரே மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிந்து பாருங்கள், வேறு கிட்டார் போலிருக்கும்.

துளையிலிருந்துதானே சத்தம் வருகிறது என்று எல்லோரும் முதலில் மைக்கைத் துளைக்கு நேராக வைப்பார்கள். வருவது 'பூம் பூம்' என்ற உறுமல். பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு என்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு, முழு அளவு கிட்டார்களில் அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். துளையின் வாயில் அது மிக வலுவாக இருக்கும். ஆறாம் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். ஜி கார்டு அடிக்கும்போது மட்டும் பதிவு ஏன் பொங்குகிறது என்பது இப்போது புரியும். போதாக்குறைக்கு, கார்டியாய்டு மைக்கை எதற்கு அருகில் கொண்டுபோனாலும் கீழ் அலைவரிசை தானாகவே ஏறும்.

தொடங்க வேண்டிய இடம் 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் எதிரே, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி. மைக்கின் முனை கழுத்தும் பெட்டியும் சேரும் இடத்தைப் பார்த்து லேசாகத் திரும்பியிருக்கட்டும். அங்கே கம்பியின் தெளிவும் கிடைக்கும், பெட்டியின் நிறைவும் பக்கவாட்டிலிருந்து வந்து சேரும், துளையின் உறுமலும் நேராகத் தாக்காது.

அங்கிருந்து நகர்த்திப் பாருங்கள். வேறொருவர் வாசித்தால் நீங்கள் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு மைக்கைக் கையில் பிடித்து மெதுவாக நகர்த்தலாம். தனியாக இருந்தால் பதிவை ஓடவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் வாயால் சொல்லிவிட்டு வாசியுங்கள்: "12-வது ஃப்ரெட், ஒரு சாண்", "பிரிட்ஜ் பக்கம், ஒன்றரை சாண்". எல்லா இடத்திலும் அதே நான்கு வரியை, அதே வேகத்தில். பிறகு மொத்தமாகக் கேட்டால் எது நல்லது என்று காது சொல்லிவிடும். ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சத்தமாக இருப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

கேட்பதை வைத்து எந்தப் பக்கம் நகர்த்துவது? உறுமினால் துளையிலிருந்து விலக்கி, கழுத்துப் பக்கம் கொண்டுபோங்கள். மெலிந்திருந்தால் கொஞ்சம் கிட்டே வாருங்கள், அல்லது பிரிட்ஜ் பக்கம் போங்கள். பிரிட்ஜைத் தாண்டி பெட்டியின் அகன்ற பகுதிக்கு எதிரே மரத்தின் கதகதப்பு கூடும், தெளிவு குறையும். கழுத்தின் மேல்பக்கம் அதிகம் போனால் விரல் சறுக்கும் சத்தம் முன்னால் வந்து நிற்கும். டப்பாவுக்குள் வாசிப்பதாகத் தோன்றினால் அது அறையின் குறை, மைக்கை அருகில் கொண்டுவாருங்கள் அல்லது போர்வையைக் கூட்டுங்கள். கம்பி கூர்மையாகக் குத்தினால் மைக்கை நகர்த்தாமல் அதன் கோணத்தை மட்டும் சற்றே திருப்பிப் பாருங்கள்.

இன்னோர் இடம் பலருக்குத் தெரியாது. வாசிப்பவரின் வலது தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில், கிட்டாரைப் பார்த்துக் கீழ்நோக்கி வைப்பது. நீங்கள் வாசிக்கும்போது கேட்கும் ஒலிக்கு மிக நெருக்கமானது அங்கேதான் கிடைக்கும். இடக்கைக்காரர் என்றால் இடது தோள். மூச்சுச் சத்தம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். விரலால் மென்மையாக வாசிக்கும் துண்டுகளுக்கு எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

இடம் கிடைத்ததும் நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். வாசிக்கும்போது உடல் முன்னும் பின்னும் ஆடினால் ஒலியும் கூடவே ஆடும்.

இரண்டு மைக் வைத்து ஸ்டீரியோவில் பதிவது அடுத்த கட்டம். இப்போதைக்கு ஒரு மைக்கை வைத்து, அதே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளுங்கள். ஸ்ட்ரம்மிங்குக்கு அது மிக அகலமாக வரும். இரண்டு முறையும் உண்மையிலேயே வாசிக்க வேண்டும், ஒரே பதிவை நகலெடுத்து இருபக்கமும் வைத்தால் ஒலி நடுவில்தான் நிற்கும்.

அளவு

மென்பொருளில் 24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். பாட்டின் மிகப் பலமான இடத்தை முழு வேகத்தோடு வாசித்து, உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே நிற்கும்படி கெய்னைத் திருகுங்கள். சோதனையில் எல்லோரும் மெதுவாக வாசிப்பார்கள், பதிவு ஓடத் தொடங்கியதும் கை பலமாகும். அதற்கு இடம் விடுங்கள். உடைந்துபோன உச்சத்தைப் பிறகு ஒட்டவைக்க முடியாது. ஹெட்ஃபோன் மூடிய வகையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மெட்ரோனோமின் 'டிக் டிக்' மைக்கில் ஏறிவிடும்.

பிக்கப் வழியாகப் பதியும்போது

கேபிளை எந்த உள்ளீட்டில் செருகுகிறீர்கள் என்பது முக்கியம். இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் என்றோ ஹை-இசட் என்றோ குறித்திருக்கும் பட்டனை அழுத்துங்கள். பேட்டரி இல்லாத பீசோ பிக்கப் மிக அதிக மின்தடை உள்ள உள்ளீட்டை எதிர்பார்க்கிறது. இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீடு பெரும்பாலும் 1 மெகாஓம் அளவில் இருக்கும், லைன் உள்ளீடு சில பத்துக் கிலோஓம்களிலேயே நின்றுவிடும். தவறான இடத்தில் செருகினால் கீழ் அலைவரிசை வடிந்துபோய், ஒலி தகரமாகிவிடும். பீசோ என்றாலே மோசம் என்று சொல்பவர்களில் எத்தனையோ பேர் கேட்டது இந்தத் தகர ஒலியைத்தான். டிஐ பாக்ஸ் (கிட்டார் சைகையை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) பயன்படுத்துவதாக இருந்தால் மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் வகையாக இருக்கட்டும்.

கிட்டாரிலேயே ப்ரீஆம்ப் (பிக்கப் சைகையைப் பெருக்கும் சுற்று) இருந்தால் புது பேட்டரி போடுங்கள். பேட்டரி தளர்ந்தால் உச்சங்கள் கரகரக்கும். பல கிட்டார்களில் கேபிள் செருகியிருக்கும் வரை ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், முடிந்ததும் பிடுங்கிவிடுங்கள். அதிலுள்ள பேஸ், ட்ரெபிள் எல்லாம் நடுவில் இருக்கட்டும், ஃபீட்பேக்கைத் தடுக்கும் நாட்ச் (ஓர் அலைவரிசையை மட்டும் வெட்டும் வசதி) வேண்டாம். அது மேடைக்கு வைத்தது.

அப்புறம் கை. பீசோ ஒவ்வோர் அடியின் தொடக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும் என்பதால், வழக்கத்தைவிட மென்மையாக, துளைக்குக் கொஞ்சம் மேலே கழுத்துப் பக்கமாக வாசித்தால் பாதி 'க்வாக்' அங்கேயே போய்விடும். மீதியை மென்பொருளில் பார்க்கலாம்: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கே குத்துகிறது என்று தேடி அந்த இடத்தை மட்டும் சில டெசிபல் இறக்குங்கள், சிறிய அறையின் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) மிகக் கொஞ்சமாகச் சேருங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஒரே வாசிப்பை மைக்கிலும் பிக்கப்பிலும் ஒரே நேரத்தில் பதிந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஒரு சிறிய கோப்பாக்கி, அதைப் பிக்கப் ஒலியின் மேல் ஏற்றுவது. ஆயத்தமான கோப்புகள் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் கிட்டாரை, உங்கள் மைக்கை வைத்து ஒரு நல்ல நாளில் செய்துகொண்ட கோப்புக்கு அவை ஈடாகாது.

இரண்டையும் கலக்கும்போது

பிக்கப் ஒலி உடனே வந்துவிடும். மைக்குக்கு ஒலி காற்றில் நடந்து வர வேண்டும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், ஆகவே 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு கிட்டத்தட்ட 0.9 மில்லிநொடி ஆகும். 48 கிலோஹெர்ட்ஸ் பதிவு ஒலியை நொடிக்கு 48,000 முறை அளக்கிறது, அப்படி ஓர் அளவுதான் ஒரு சாம்பிள்; அந்தக் கணக்கில் இது 42 சாம்பிள். அற்பமாகத் தெரியும், ஆனால் இந்தத் தாமதத்தோடு இரண்டையும் சம அளவில் கலந்தால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதல் பள்ளம் சுமார் 570 ஹெர்ட்ஸில், கிட்டாரின் உடம்பு இருக்கும் இடத்திலேயே விழும். உள்ளே குடைந்து எடுத்ததாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

சரி செய்வது கடினமில்லை. பாட்டு தொடங்குமுன் கம்பிகளை இடக்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு முறை 'டக்' என்று அடித்து அதையும் பதிந்துவிடுங்கள். மென்பொருளில் அந்த 'டக்'கைப் பெரிதாக்கிப் பார்த்தால், மைக் டிராக்கில் அது சற்றுப் பின்னால் இருக்கும். மைக் டிராக்கை முன்னால் நகர்த்தி இரண்டின் தொடக்கத்தையும் நேராக்குங்கள். அடுத்து மோனோவில் (இருபக்க ஒலியையும் ஒன்றாக்கி) வைத்து, பிக்கப் டிராக்கின் போலாரிட்டி (அலையைத் தலைகீழாக்கும்) பட்டனைப் போட்டும் எடுத்தும் கேளுங்கள். எதில் கீழ்ப்பகுதி நிறைவாக இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். திரையில் நேராக இருப்பதைவிடக் காதில் நிறைவாக இருப்பதே கணக்கு, அதனால் ஓரிரு சாம்பிள் அங்குமிங்கும் நகர்த்தியும் பார்க்கலாம்.

பிறகு மைக்கை முழுதாக வைத்து, பிக்கப்பை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். பிக்கப் கேட்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால் அது அதிகம். நிறுத்தினால் ஏதோ குறைகிறதே என்று தோன்றும் அளவுதான் சரி. அறை மோசமாக இருந்தால் மட்டும் இதைத் தலைகீழாகச் செய்யலாம்: மைக்கில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, காற்றின் தன்மைக்காகக் கொஞ்சமாக வைத்து, உடம்பைப் பிக்கப்பிடம் விடுவது.

பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு

கிட்டார் மைக்கில் குரல் ஏறும், குரல் மைக்கில் கிட்டார் ஏறும். தனித்தனியாகப் பதிய முடிந்தால் எல்லாம் சுலபம். சிலருக்குப் பிரித்தால் உணர்வே போய்விடும், அவர்களை வற்புறுத்தக் கூடாது. கிட்டாருக்குப் பிக்கப், குரலுக்கு மைக் என்பது பாதுகாப்பான வழி. ஃபிகர்-8 வகை மைக் இருந்தால் அதைவிட அழகான வழி உண்டு. அந்த மைக் முன்னாலும் பின்னாலும் கேட்கும், பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. கிட்டாருக்கு எதிரே வைத்து, மைக்கின் பக்கவாட்டுப் பகுதி உங்கள் வாயைப் பார்க்கும்படி சாய்த்துவிட்டால் குரல் பெருமளவு விலகி நிற்கும். பாடிக்கொண்டே சாய்வை மெல்ல மாற்றி, ஹெட்ஃபோனில் குரல் மிகவும் மங்கும் கோணத்தில் இறுக்கிவிடுங்கள்.

எழுந்திருக்கும் முன்

மைக்கும் கிட்டாரும் இருந்த நிலையை ஃபோனில் இரண்டு கோணத்தில் படம் எடுங்கள். 12-வது ஃப்ரெட்டிலிருந்து மைக் முனை வரை டேப்பால் அளந்து, கெய்ன் குமிழ் நின்ற இடத்தையும் பிளெக்ட்ரமின் தடிமனையும் சேர்த்து மென்பொருளின் குறிப்புப் பகுதியில் எழுதிவையுங்கள். அடுத்த வாரம் ஒரே ஒரு வரியை மட்டும் திரும்ப வாசிக்க வேண்டி வந்தால், பழைய டேக்கோடு அது ஒட்டுமா ஒட்டாதா என்பது இந்தக் குறிப்பில்தான் இருக்கிறது. ஈக்யூ, ரிவெர்ப் எதுவும் சேராத மூலக் கோப்புகளையும் தனியாக ஒரு நகல் எடுத்துவையுங்கள்.